ரெண்டுக்கும் ஒரே டாக்டர்

எங்கள் அண்ணன் பெயின்டர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், எங்கள் ஊரான ஆரியங்கோட்டில் அவன் கை படாத சுவர் குறைவு. அப்படி ஒரு வேலைக்கு நடுவில், பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஏணியிலிருந்து இறங்கிச் சண்டைக்குப் போனான். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர்கள் கல்ஃபில்.

அன்றிலிருந்து அவன் காதில் யாரோ பேசுகிற சத்தம் ஓயவில்லை. அதை அடக்க ரம் குடித்தான். குடித்தால் கொஞ்சம் தூங்குவான். விழித்தால் சத்தம் இன்னும் பலமாகக் கேட்கும்.

குடியை நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனேன். இவருக்கு மனசுக்குச் சுகமில்லை, முதலில் அதைக் காட்டுங்கள் என்றார்கள். மனநல டாக்டரோ, குடியை நிறுத்திவிட்டு வரச் சொன்னார். நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் சொன்னான்: "மக்கா, ரெண்டு வீட்டுலயும் சோறு கிடைக்காத விருந்தாளியாக்கும் நான்."

ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று திருவனந்தபுரத்தில் இருப்பதை எங்கள் திருச்சபையிலுள்ள ஒரு நர்ஸ்தான் சொன்னார். அங்கே டாக்டர் ஒரு பெண். குடிப்பதால் சத்தம் வருகிறதா, சத்தம் வருவதால் குடிக்கிறீர்களா என்று மலையாளத்தில் கேட்டார்.

"அது தெரிஞ்சா நான் உங்க நாற்காலியில இருக்கலாமே டாக்டரே" என்றான் அண்ணன், தமிழில்.

டாக்டர் சிரித்துவிட்டார். சரி, அந்தச் சத்தம் எந்தப் பாஷையில் பேசுகிறது என்று கேட்டார்.

"காலம்பற மலையாளம். ரெண்டு கிளாஸ் உள்ள போனா தமிழு."

நானும் சிரித்தேன். அவனுடைய நோயைப் பற்றிப் பேசும்போது நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. எது முதலில் வந்தது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, இரண்டுக்கும் இன்றே வைத்தியம் தொடங்கலாம் என்றார் டாக்டர். முதலில் சில நாள் அங்கேயே தங்க வைத்து, குடியை விடும்போது வருகிற நடுக்கத்தையும் சத்தத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். பிறகு மாத்திரை, கவுன்சலிங், குடியை விட்டவர்களின் கூட்டம் எல்லாம் ஒரே கட்டிடத்தில். வீட்டாருக்கும் வகுப்பு உண்டு. சத்தத்தோடு அவன் பேசும்போது கூடவே வாதாடக் கூடாது என்று நான் அங்கேதான் படித்தேன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கள்ளிக்காட்டில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். பந்தலுக்குப் பின்னால் போன அண்ணன் சிவந்த கண்ணும் ரம் வாடையுமாகத் திரும்பினான். இனி ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்தேன். கவுன்சலருக்குப் போன் செய்தேன்.

"சேச்சி, ஏசாதீங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கு மாத்திரை கொடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார் அந்தப் பெண்.

மறுநாள் டாக்டர் திட்டவே இல்லை. முதல் கிளாஸுக்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்.

"ஆளுவ எல்லாம் என்னையே பாத்தாவ. சத்தமும் கூடிச்சு" என்றான் அண்ணன்.

டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றினார். இனிக் கல்யாணத்துக்குப் போனால் சாப்பிட்டு இலையை மடக்கிய கையோடு பஸ் ஏற வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் சொந்தத்தில் சீக்கிரம் கிளம்புகிற ஆள் இப்போது அண்ணன்தான். அவன் அவசரமாக இலையை மடக்குவதால், கூடப் போகிற எனக்குத்தான் பாயசம் போய்விடுகிறது.

சத்தம் முழுதாக நின்றுவிடவில்லை. எப்போதாவது வரும். கேட்டது நிஜமா என்று சந்தேகம் வந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் எங்கள் வீட்டுக்கே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன், ஏணியில் நின்றபடி மெதுவாகக் கேட்டான்.

"மக்கா, இப்பம் யாராவது கூவினாவளா?"

"கூவினாவ அண்ணா. மீன்காரராக்கும்."

"அப்பம் செரி" என்று இறங்கினான். பிரஷ்ஷை என் கையில் திணித்துவிட்டு, மஞ்சள் பெயின்ட் அப்பிய கையோடு, சாளை மீன் வாங்க ரோட்டுக்கு ஓடினான்.