அழுகை மட்டும் என்னுடையது

ஜெனரேட்டர் வண்டி உறுமுகிறது. மட்டாஞ்சேரியில் இது புதிதில்லை. அடிக்கடி ஏதாவதொரு சினிமாக் கூட்டம் வந்து, எங்கள் சுவர்களின் பாசியையும் உதிர்ந்த காரையையும் படம்பிடித்துக்கொண்டு போகும். தெருவுக்கு அது வெறும் இரைச்சல். எனக்குப் பல் கூசும். என்னுள்ளே ஒரு சின்னக் கழுத்து திரும்பித் திரும்பி அம்மாவைத் தேடும்.

நான் குழந்தை நட்சத்திரமாக இருந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வாயில் இரண்டும் குழைந்து கிடந்தது. சென்னையிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் பேசும் பிள்ளை ஒன்று வேண்டியிருந்தது, என்னை எடுத்தார்கள். பிறகு என் தமிழில் மலையாள வாடை என்று சொல்லி, வசனம் முழுக்க வேறொருத்தியைப் பேசவைத்தார்கள். அழுகைக்கு மட்டும் அவள் குரல் ஒட்டவில்லையாம். படப்பிடிப்பில் பதிவானதையே விட்டுவிட்டார்கள். அந்தப் படத்தில் எனக்குச் சொந்தமானது அந்த அழுகை ஒன்றுதான்.

அதை எப்படி எடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மிளகுக் கிடங்கில் காட்சி. கேமரா ஓடத் தொடங்கியபின் ஒருவர் குனிந்து என் காதருகில் சொன்னார்: “பாப்பா, உங்கம்மா படகுலேர்ந்து தண்ணில விழுந்துட்டாங்க.” நான் அழுதேன் என்பது சின்னச் சொல். தொண்டை கிழிந்தது. “கட்” என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அம்மா வந்தாள், சேலையெல்லாம் மிளகுத் தூசி. ஒளியச் சொன்னார்கள், ஒளிந்தாள். வெளியே வந்து அவளும் கைதட்டினாள்.

அதன்பின் வந்ததெல்லாம் அழுகிற பிள்ளை வேடம். பொய்யும் என்னோடு வளர்ந்தது. அம்மாவை லாரி அடித்தது. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அம்மா என்னை விட்டு ஓடிப்போனாள். நான் நம்பாமல் போனபோது தொடையில் கிள்ளினார்கள். முகத்தில் பரு வந்தது, கூப்பிடுவது நின்றது. இதற்குப் பெயர் திரைவாழ்க்கை!

இப்போது வெலிங்டன் தீவில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. பண்டிகை நாள்களில் அந்த முதல் படத்தைப் போடுவார்கள். பக்கத்து வீட்டு டிவிக்குள்ளிருந்து நான் என் அம்மாவைக் கூப்பிடுவது எனக்கே கேட்கும். மறுநாள் வேலைக்குப் போகும் படகில் யாராவது இளிப்பார்கள்: “சேச்சி, ஒருக்கா அழுது காட்டுங்களேன்.”

போன மழைக்காலத்தில் அம்மா நிஜமாகவே செத்துப்போனாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள், நான் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னாலும் பார்த்தேன். எந்த நொடியும் கைதட்டிக்கொண்டு வருவாள் என்றே என் உடம்பு காத்திருந்தது. “சினிமாவுல அத்தன அழுதவளாக்கும். பெத்தவளுக்குக் கண்ணு நனையல பாரு” என்றாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி. அவளிடம் என்னத்தைச் சொல்ல?

இந்த முறை அதே கிடங்கில் நடிக்க என் மகளைக் கேட்டு வந்திருந்தார்கள். அவளுக்கு எட்டு வயது, ஆசை கண்ணில் வழிந்தது. அவள் கண்ணெதிரே நான் உட்கார்ந்திருப்பேன் என்ற ஒரே நிபந்தனையோடு அனுப்பினேன். இயக்குநர் தலையாட்டினார். மத்தியானம் வரை பிள்ளை ஓடினாள், சிரித்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு உதவி இயக்குநர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, ஒரு ஷாட்டுக்கு மட்டும் அந்த மூட்டைங்களுக்குப் பின்னால போயிடறீங்களா? உங்களுக்கு ஆக்சிடென்ட்னு பாப்பாகிட்ட சொல்லிக்கறோம். அப்புறம் நீங்க வந்து கட்டிப்புடிச்சுக்கலாம். அதையும் மேக்கிங் வீடியோவுக்கு எடுத்துடுவோம்.”

“கிளிசரின் இல்லையா?”

“சின்னப் புள்ளைக்குக் கண்ணு எரியும்க்கா. பாவம்ல?”

கண் எரியக்கூடாதாம். என்ன அக்கறை! அதே மூட்டைகள், அதே வாசனை, அதே இடம். ஒளிய வேண்டியவள் மட்டும் இப்போது நான். அம்மா எப்படிப் போய் ஒளிந்தாள் என்று இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படித்தான் போயிருப்பாள், இதேபோல் ஒருவன் அக்கா என்று குழைந்திருப்பான். அவள்மேல் கோபம் வந்தது, அவளுக்காகவும் வந்தது.

விளக்குகளுக்கு நடுவில் நடந்துபோய் மகளின் முன்னால் மண்டியிட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “மோளே, நீ அழணும்னுட்டு இவங்க எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு சொல்லப்போறாங்க. யாரு சொன்னாலும் நம்பாதே. எனக்கு ஒண்ணும் ஆகல.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாக. முகத்திலிருந்த ஆசை மெல்ல வடிந்தது. அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு ஆத்திரம்.

இயக்குநர் வந்தார். “மேடம், உங்க அந்த அழுகையைப் பாத்துத்தான் நான் சினிமாவுக்கே வந்தேன். நீங்களே இப்படிப் பண்ணலாமா? எவ்வளவு பெரிய நடிப்பு அது!”

“நடிப்பா? எங்கம்மா செத்துட்டான்னு நம்பி ஒரு குழந்தை கத்தினது சார் அது. நீங்க அத டிக்கெட் வாங்கிப் பாத்தீங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கிடங்கின் கூரை ஓட்டைவழி விழுந்த வெளிச்சம் சுவர் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ஜெனரேட்டரை அணைத்தார்கள். சட்டென்று தெரு தன் சத்தத்துக்குத் திரும்பியது: ஆட்டோக்கள், சுமை இறக்குபவர்களின் ஏச்சு, ஒரு காக்கை.

மகள் படத்துக்கான பாவாடையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் தன் பழைய கவுனில் வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் ஏறப்போன இயக்குநர் கடைசியாக ஒருமுறை குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். “நீ நல்ல பொண்ணாச்சே. அம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டு நாளைக்கு நீ மட்டும் வர்றியா?”

“நீங்க போய்க்கோங்க அங்கிள்” என்றாள் அவள். “அம்மா இங்கதன்னே நிப்பா.”