ஏலியாஸ் கேட்காமல் போன இடம்

ரோஸ்மேரிக்குப் பெரிய ஆசை என்று எதுவும் இருந்ததில்லை. திருப்பூரில் சொந்த வீடு வேண்டும் என்றுகூட அவள் நினைத்ததில்லை. புருஷன் ஏலியாஸ் கண்ணை மூடினால் மகள் ஜெசிந்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், பிறகு தன்னையும் அங்கேயே வைக்க வேண்டும், அவ்வளவுதான். இதிலென்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ஜெசிந்தா கிடப்பது கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில். ஏலியாஸ் கத்தோலிக்கர் இல்லை.

சேவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் அவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த உருப்படியை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டையும் கறையும் பார்க்க வேண்டும். ஏலியாஸ் கோட்டயத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த நிட்டிங் மாஸ்டர். போப்பாண்டவருக்குக் கட்டுப்படாத கேரளத்துப் பழைய சபையான மலங்கரை ஆர்த்தடாக்ஸைச் சேர்ந்தவர். இவர்கள் கட்டிக்கொள்கிறோம் என்று நின்றபோது, ஏசுவைக் கும்பிடுகிற ஆள்தானே, போகட்டும் என்று இரண்டு வீட்டிலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. வேற்று மதத்தில் கட்டியிருந்தால்கூட இவ்வளவு கூப்பாடு வந்திருக்காது.

கல்யாணத்துக்குப் பிறகும் அது விடவில்லை. அவள் கோயிலில் எல்லோரும் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது இவர் பெஞ்சில் முழங்காலை ஒதுக்கி வழிவிடுவார். இவருடைய சபைப் பாதிரியாரான அச்சன் கோவையிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வந்து பள்ளிக்கூட ஹாலில் குர்பானா என்னும் பூசை வைப்பார். அங்கே அவள் முக்காட்டோடு பின்னால் நின்றுவிடுவாள். அவளுக்குத் தவக்காலம் புதன்கிழமை தொடங்கும். அவருக்கு அதற்கு முந்தின திங்களே நோன்பு. செவ்வாய்க்கிழமை அவள் சொந்தக்காரர் வீட்டிலெல்லாம் கறி கொதிக்க, இங்கே இரண்டு பேரும் கஞ்சியும் பயறும். இந்த இரண்டு நாள் வித்தியாசத்தையாவது இரண்டு சபைப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்கக் கூடாதா என்று அவள் அலுத்துக்கொள்வாள். பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பார் ஏலியாஸ். அதில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

கம்பெனி சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி ஒருநாள், ஏனுங்க, ரெண்டும் ஒரே சாமிதானுங்களே, அப்புறம் என்னங்க சண்டை என்று கேட்டுவிட்டார். ஏலியாஸ் பனியன்காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஒரே நூல், ஒரே கலர், ஆனால் சாயப்பட்டறையில் வேறு வேறு லாட்டில் முக்கியது, நிறம் லேசாக மாறும். ஒரு லாட் துணியில் முன்பக்கமும் இன்னொரு லாட்டில் கையும் வைத்துத் தைக்க விடமாட்டார்கள். லாட் கலந்தால் பையர் சரக்கைத் திருப்பி அனுப்புவான், சபை கலந்தால் யாருங்க திருப்பி அனுப்புவா என்று ஈஸ்வரமூர்த்தி மடக்கினார். ஏலியாஸ் சிரித்துக்கொண்டே மிஷினுக்குப் போய்விட்டார்.

ஜெசிந்தா மூன்று வயதில் டெங்குவில் போனாள். அம்மாவின் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, அதனால் அந்தத் தோட்டத்திலேயே இடம் கிடைத்தது. மண் தள்ளி முடித்ததும், நாம் மூன்று பேரும் இங்கேதான் ரோசி என்று ஏலியாஸ் சொன்னார். வேறு பிள்ளை பிறக்கவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் ஓட்டினாள்.

பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய் ஏலியாஸ் படுத்தபோது, அவள் பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசினாள். நல்ல மனுஷர் அவர். ஆயரிடம் தாமே பேசுவதாகச் சொன்னார். ஒன்றே ஒன்றுதான்: ஏலியாஸ் தம் வாயால் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு அவர் ஆட்கள் வந்து, சாகக் கிடந்தவனைக் கத்தோலிக்கர் மடக்கிப் போட்டார்கள் என்பார்கள். நியாயம்தானே?

அவள் வந்து சொன்னதும் ஏலியாஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்டுவிட்டால் ஊரில், ஏலியாஸ் சபை மாறிவிட்டான் என்றுதான் பேசுவார்கள். அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவள் காதில் அது விழ வேண்டுமா?

"கொஞ்சம் பொறு ரோசி. ரெண்டும் ஒண்ணாயிட்டா யாரையும் கேக்கவே வேண்டாம்ல?"

நூற்றாண்டுக் கணக்காக ஒன்றாகாதது இவர் இருமி முடிப்பதற்குள் ஒன்றாகிவிடுமா?

சாமியார் ஆஸ்பத்திரிக்கே வந்தார். அன்றைக்கென்று பார்த்து ஏலியாஸின் போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. துருக்கியில், ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன் திருச்சபையின் முதல் பொதுச்சங்கம் கூடிய ஊரில், போப்பாண்டவரும் கான்ஸ்டான்டிநோபிள் ஆர்த்தடாக்ஸ் தலைவரும் சேர்ந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறார்கள். ஏலியாஸ் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு எழுந்து உட்கார்ந்து அதைச் சாமியாரிடம் காட்டினார். அந்த ஆர்த்தடாக்ஸ் வேறு, மலங்கரைக்காரர் பிரிந்தது அதைவிடப் பழைய வழக்கு என்று சாமியாருக்கும் தெரியும், ஏலியாஸுக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு கதவு திறந்தால் மற்றதும் திறக்குமாம். சாமியார் பொறுமையாகப் பார்த்து முடித்து, வேறு ஏதாவது என்னிடம் கேட்க வேண்டுமா என்றார். ரோஸ்மேரி போர்வைக்கு அடியில் புருஷனின் காலைக் கிள்ளினாள்.

"ஒண்ணுமில்ல ஃபாதர். எல்லாம் ஆயிட்டிருக்கு," என்றார் ஏலியாஸ்.

அந்த வாரமே மூச்சுத் திணறி வாயில் குழாய் செருகினார்கள். பிறகு அவர் பேசவே இல்லை. பாவி மனுஷன், ஒரு வார்த்தை. அதற்கு என்ன வலித்தது என்று அவள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று வாய்விட்டுத் திட்டினாள், அழுதாள்.

ஏலியாஸ் கண்ணை மூடியதும் அவருடைய அண்ணன் பாப்பச்சன் கோட்டயத்திலிருந்து ஆம்புலன்ஸோடு வந்துவிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு அழுத ஆள். குடும்பக் கல்லறையில் அப்பனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அம்மா வாசலில் காத்திருக்கிறாள் என்றார். ரோஸ்மேரி சாமியாருக்குப் போன் போட்டாள். அவரும் தவித்தார். கேட்டிருந்தால் நான் நின்று பேசியிருப்பேன் அம்மா, கேட்கவில்லையே என்றார்.

ஏலியாஸின் ஊரில், அவர்கள் கோயில் முற்றத்தில் அடக்கத்துக்கு முன்னால், முகத்தை மூடும் வெள்ளைத் துணியை மனைவி கையில் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பழக்க தோஷம். மூலையில் ஒரு ஊசி ஓட்டை இருந்தது. வேறு துணி கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அதையே போட்டு மூடினாள்.

சாப்பாடு முடிந்து ஊர் அச்சன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் மலையாளத்தில் சொல்ல, பாப்பச்சன் தமிழில் சொன்னார். அந்தக் கல்லறையில் அவளுக்கும் ஒரு இடம் உண்டு. சபையில் சேர வேண்டும், மூரோன் என்னும் புனிதத் தைலம் பூச வேண்டும், அதிக நேரம் ஆகாது. சேர்ந்தால் திருப்பூரில் ஜெசிந்தா பக்கத்து இடம் கிடைக்காது என்று பாப்பச்சன் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். சேராவிட்டால் ஏலியாஸ் பக்கத்தில் கிடையாது. அவள் முகத்தைப் பார்த்த அச்சனுக்கு மனசு கேட்கவில்லை. சபைகள் பேசிக்கொண்டிருக்கின்றன, நம் காலத்திலேயே ஒன்றாகிவிடலாம், அப்போது இந்த வேறுபாடெல்லாம் இருக்காது என்று ஆறுதல் சொன்னார்.

"அவரும் அதையேதானுங்க சாமி சொல்லிட்டு இருந்தாரு," என்றாள் ரோஸ்மேரி.

பாப்பச்சன் அதை மலையாளத்தில் சொல்லவில்லை. அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். திருப்பூர்ப் பக்கம் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிய பிறகுதான் அச்சனுக்குப் பதில் சொன்னாள்.

"நான் பாப்பாகிட்டயே போறனுங்க. அவருக்கு இங்க அப்பன் இருக்கறாரு, நாளைக்கு ஆத்தாளும் வருவாங்க. அவளுக்கு அங்க யாருமில்லீங்க."