ரொட்டி வைக்காமல் ஒரு நேர்காணல்

சியூரிக்குக் கோபம் வந்த நாளில் ரொட்டி நன்றாக இருக்கும். மாவு அவ்வளவு அடி வாங்கியிருக்கும். புரூக்ளினில் வாஷாவின் ஜார்ஜிய ரொட்டிக்கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் ஒரு வாய் கடித்ததுமே, "என்ன, இன்னிக்கும் அரசாங்கத்துலேர்ந்து பதில் வரலையா?" என்று கேட்பார்கள்.

தரையில் கிணறு மாதிரி இறங்கும் களிமண் அடுப்பு அவளுடையது. இடுப்புவரை உள்ளே குனிந்து, சூட்டுச் சுவரில் மாவை அறைந்து ஒட்டிவிட்டு, முகம் கருகுவதற்குள் நிமிர வேண்டும். ஜார்ஜியா நாட்டில், சொந்த ஊரான குத்தாயிசியில் அப்பாவிடம் பழகிய வேலை. அந்த வேலையை வைத்துத்தான் இங்கே நிரந்தரமாகத் தங்க வழி தேடிக்கொண்டிருந்தாள். மகள் தேக்லே இன்னும் அங்கேதான் படிக்கிறாள். இருபத்தொரு வயது ஆகிவிட்டால் பெரும்பாலும் அம்மாவோடு சேர்த்து அவளுக்கும் அனுமதி கேட்க முடியாது. அந்தப் பெண் வயதுக்கு வந்தபோதுகூட சியூரி இவ்வளவு கணக்குப் பார்த்ததில்லை.

முறை இதுதான்: அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்ட வேண்டும். பத்திரிகையில் விளம்பரம், கடைச் சுவரில் அறிவிப்பு, தேடி வருகிறவர்களிடம் நேர்மையான விசாரிப்பு. பிறகுதான் தொழிலாளர் துறைக்கு மனு. மனு போகும் நாளை வைத்துத்தான் கிரீன் கார்டு வரிசையில் அவளுடைய இடம். ரொட்டி சுடுகிறவளுக்கு என்ன சம்பளம் தரவேண்டும் என்று அரசாங்கம் சொல்வதற்கே அரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எதிர்க்கடைத் தையல்காரி லமாரா பின்னால் ஆரம்பித்து முன்னால் மனுப் போட்டுவிட்டாள்.

"அவ மனுவுக்கு மட்டும் கால் முளைச்சுதா?" என்று சியூரி மாவைக் குத்தினாள்.

கடைசியில் விளம்பரமும் முடிந்து, வக்கீல் எகா மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். அந்தத் தெருவிலேயே வளர்ந்த பெண். "வாஷா மாமா, வேலை கேட்டு யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தர் வந்தார். லாய்டுன்னு பேர். தங்கமான மனுஷன்."

"தங்கம் இருக்கட்டும். ரொட்டி சுடத் தெரியுமா?"

வாஷா மீசையைத் தடவினார். "அதைக் கேக்கலை."

"என்னது?"

"சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். உக்காரவெச்சோம். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒயின். அவரோட அம்மா செத்துப்போயிட்டாங்களாம், அவங்க பேரைச் சொல்லி ஒரு கிண்ணம். அப்புறம் குழந்தைங்க பேரைச் சொல்லி. மேசைக்கு வந்த விருந்தாளிகிட்ட, உனக்கு என்ன வேலை தெரியும்னு கேப்பாங்களா கண்ணு? உங்க அப்பா கேப்பாரா?"

"எங்கப்பாவும் கேக்க மாட்டார். அதனாலதான் அவருக்கும் கடை நஷ்டம்." எகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எவ்வளவு நேரம் இருந்தார்?"

"சாயங்காலம் வரைக்கும். கட்டிப்பிடிச்சிட்டுத்தான் போனார்."

"சுத்தம்."

வாஷா குரலைத் தாழ்த்தினார். "தகுதி இல்லைன்னு எழுதிடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"நான் எழுத மாட்டேன், மாமா. அவரைக் கூப்பிட்டு ஒழுங்காக் கேளுங்க. தகுதி இருந்து, வேலையும் வேணும்னு சொன்னார்னா இந்த மனு அவ்வளவுதான். ரொம்ப நாள் கழிச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அடுப்படியில் சத்தம் நின்றுபோயிருந்தது. சியூரி கையில் மாவோடு வாசலில் நின்றாள். அந்த லாய்டு வேறு ஊருக்குக் குடிபோயிருக்கக் கூடாதா, லாட்டரி விழுந்திருக்கக் கூடாதா என்றெல்லாம் அவள் மனது ஒரு சுற்று ஓடி வந்தது.

"அந்த ஆபீஸ்ல என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேக்கலைன்னு ஊரெல்லாம் திட்டிட்டுத் திரியறேன்" என்றாள். "நாமளும் அந்தாளைக் கேக்கலையே. கூப்பிடுங்க அண்ணே. சீக்கிரம், நான் மனசு மாறறதுக்குள்ள."

மறுநாள் லாய்டு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். எகாவின் கட்டளைப்படி மேசையில் ஒன்றுமில்லை, தண்ணீர்கூட இல்லை. சியூரி இந்தத் தேர்வில் தலையிடக் கூடாது என்பதால் மாவு மூட்டை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். வெறும் மேசைக்கு முன்னால் விருந்தாளியை உட்காரவைத்த வாஷா, இழவு வீட்டில் நிற்பவர் போல் நின்றார்.

"வாங்க" என்றார்.

"ஏன் முதலாளி இவ்வளவு நாள் கூப்பிடலை?" என்று கேட்டார் லாய்டு. "அன்னிக்கு அத்தனை கிண்ணம் தூக்கினீங்க, வேலை கிடைச்சிருச்சுன்னு நினைச்சேன். என்னைக்கு வரணும்னு சொல்லுவீங்கன்னு போனையே பாத்துட்டிருந்தேன். என் தங்கச்சிக்கு கேக்கெல்லாம் வாங்கிக் குடுத்தேன்."

வாஷா நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். எகா அவர் காலை மிதித்தாள்.

"தப்பு எங்களுது தம்பி" என்று வாஷா ஆரம்பித்து, வேலை என்ன, சம்பளம் என்ன, எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அனுபவம் கேட்டார். பாகிஸ்தானி ஓட்டல் ஒன்றில் தந்தூர் அடுப்பில் மூன்று வருஷம் என்றார் லாய்டு.

கதவுக்குப் பின்னால் சியூரி ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

"சுட்டுக் காட்டறேனே" என்று அவரே எழுந்து போனார். கதவிடுக்கு வழியாக அவள் பார்த்தாள். கை நல்ல கை. மாவை நீட்டிய விதம், தண்ணீர் தொட்ட விதம், சுவரில் அறைந்த சத்தம், எதிலும் குறை சொல்ல முடியவில்லை. பாவி நன்றாகச் சுடுகிறானே என்று நினைத்தாள். தேக்லேயின் முகம் வந்து நின்றது.

நாலாவது ரொட்டிக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. "பிடிங்க, பிடிங்க!" என்று அடுப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. வாஷாவும் எகாவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து நிமிர்த்தினார்கள். வியர்வை வழிய, புருவம் பொசுங்கி, லாய்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தந்தூர் இடுப்பளவு முதலாளி. நின்னுட்டே சுடலாம். இது கிணறுல்ல? எனக்கு வேலை தெரியும், என் முதுகுக்குத் தெரியாது. வேண்டாம் சாமி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் எகா. "வேலை உங்களுக்கு உண்டு. இவங்க இல்லைன்னு சொல்லலை."

"நாந்தான் சொல்றேன். தினமும் இதை யார் செய்யறாங்க?"

கதவு திறந்தது. அதற்குமேல் சியூரியை எந்தச் சட்டமும் உள்ளே வைத்திருக்க முடியாது. உள்ளே எடுத்துவைத்திருந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கைநிறைய ஏந்தி வந்தாள். லாய்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்களா? அக்கா, உங்க முதுகு என்ன இரும்பா?"

"சாப்பிடு முதல்ல" என்றாள் சியூரி. "முதுகுக்குத் தைலம் தரேன்."

லாய்டு தானே வேண்டாம் என்று சொன்னதை எகா அவர் கையாலேயே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் வாஷாவுக்கு ஒயின் கிண்ணத்தைத் தொட அனுமதி கிடைத்தது. அந்த வாரமே மனு போயிற்று. லாய்டு சனிக்கிழமைகளில் தங்கையோடு வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டார். வாஷா அதில் பாதி நாள் வாங்க மறுத்துச் சண்டை போட்டார்.

ஒரு வருஷத்துக்கும் மேலே ஆனபின் தொழிலாளர் துறையின் அனுமதி வந்தது. தேக்லேக்கு இன்னும் இருபதுதான். சியூரி உடனே குத்தாயிசிக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நாளைக்குப் பரீட்சை. தூங்கவிடேன்."

"வந்துருச்சுடி!"

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "முடிஞ்சுதா, இன்னும் வரிசை இருக்கா?" என்றாள் தேக்லே.

"இருக்கு. ஆனா நம்ம இடத்தை இனி யாரும் எடுக்க முடியாது. நீ படி."