பளபளப்பில்லாத குழாய்

நாற்பத்தாறு வயதாகியும் அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் தங்கச்சிதான். அண்ணனின் கார்ப் பட்டறையில் இருபது வருஷமாக வெல்டிங் அவள் கையில். அவளைவிட இளையவர்கள்கூட "தங்கச்சி, இதைக் கொஞ்சம் ஒட்டிக் கொடு" என்றுதான் வந்து நிற்பார்கள்.

அந்தக் கைக்கு வினையாக வந்தது மலைப்பாதைப் பந்தயத்துக்குப் போகிற ஒரு டர்போ கார். எஞ்சின் கக்குகிற சூட்டுப் புகையை வாங்கி டர்போவுக்குள் தள்ளும் குழாய்க் கூட்டுக்கு மேனிஃபோல்டு என்று பெயர். அதை மூன்று முறை செய்து கொடுத்தாள். மூன்று முறையும் விரிசல்.

"உன் கை தளர்ந்துபோச்சும்மா," என்றார் அண்ணன். "இன்னொரு தடவை விரிசல் விட்டுச்சுன்னா வெல்டிங்குக்கு வேற ஆள் வச்சுடுவேன். கோவிச்சுக்காதே."

"கோவிச்சுக்காம கொஞ்சவா செய்வாங்க?"

மூலையில் போய் உட்காரவில்லை அவள். உடைந்த மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஒன்றில்கூட ஒட்டு விடவில்லை. ஒரு விரல் தள்ளி, குழாய்தான் கிழிந்திருந்தது. ஒட்டுக்காரி வேலை என்பதால் எல்லோரும் ஒட்டையே பார்த்திருக்கிறார்கள். அவளும்தான்.

மூன்றும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய். பளபளப்பு வேண்டும் என்று வண்டிக்காரன் கேட்டது. சூடேறினால் அது சாதா எஃகைவிட ஒன்றரை மடங்கு நீளும். நீள இடமில்லாத நெருக்கடியில், டர்போவின் கனம் வேறு அதன்மேல். ஒல்லியான ஆளின் தோளில் கனத்த நோயாளியைச் சாய்த்தால் எத்தனை நாள் தாங்குவார்?

வார்ப்பிரும்பு தாங்கும். ஆனால் ஒரே ஒரு வண்டிக்காக யார் அச்சு செய்து வார்ப்பது? கொதிகலனுக்குப் போடுகிற எஃகுக் குழாய் வளைவுகளை வாங்கி வந்தாள். குழாய்ச் சுவரின் தடிப்பே மூன்றரை மில்லிமீட்டர்.

அவற்றை ஒட்டிச் செய்த நான்காவது மேனிஃபோல்டை வண்டிக்காரன் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "தங்கச்சி, இது காருக்கா, கப்பலுக்கா?"

"கப்பல்னே வச்சுக்கோ. கரை சேர்ந்தா போதாதா?"

"துரு பிடிக்குமே?"

"பிடிக்கட்டும். தின்னுத் தீர்க்கிறதுக்குள்ள நீ பந்தயத்தையே விட்டிருப்பே."

நான்கு வாரத்தில் நாற்பது முறை மலையேறியது கார். குழாய் செக்கச் சிவந்தது, ஆறியது, மறுபடி சிவந்தது. ஐந்தாம் வாரம் கழற்றி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்கட்டியைத் தேய்த்தாள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கறுப்புக் கோடு காட்டிவிடும். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சாக்கட்டி சுண்ணாம்புச் சுவராட்டம் வெளுப்பாகவே இருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தார். அங்கேயும் வெளுப்புதான்.

"உன் கைமேல பழி போட்டேம்மா. தப்புதான்."

"தப்புன்னா கேட்டுக்கோ. இனிமே எந்த வண்டிக்கு எந்த உலோகம்னு நான்தான் சொல்வேன். கேட்கிறவனுக்கெல்லாம் பளபளன்னு ஒட்டித் தர மாட்டேன்."

"சரிம்மா."

"சத்தமா சொல்லு. வாசல்ல ரெண்டு டர்போ வண்டி நிக்குது, அவங்களுக்கும் கேட்கட்டும்."

அவர் சொன்னார், தெருமுனை வரை கேட்கும்படி. அவள் அதற்குள் குழாய்க் கடைக்குப் போன் போட்டு, இன்னும் இருபது வளைவுகள் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.