மேசைக்கு ஓர் ஆமென்

காலையில் தெமோதரையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் போனோம். மகளுக்குப் பத்து வயது. லத்தீன், மறைக்கல்வி, தர்க்கம் என்று பழைய கத்தோலிக்க முறையில் வீட்டிலேயே என்னிடம் படிக்கிறாள். பஸ்ஸிலும் வகுப்பு உண்டு.

"மென்சா, மென்சே, மென்சாம்" என்று மேசையின் வேற்றுமைகளை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு. கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தவர், இவள் முடித்ததும் சத்தமாக "ஆமென்" என்றார்.

எனக்குச் சிரிப்பு. "அக்கா, அது ஜெபம் இல்லீங்க, பாடம். லத்தீன்ல மேசைன்னு சொல்றா."

"அப்புடியா? மாதா கோயில்ல ஃபாதர் சொல்ற மாதிரியே இருந்துச்சுங்க. எம்மக இன்னைக்கு ஓ.எல். பரீட்சையில கணக்கு எழுதுறா. அதான் நானும் சேந்து வேண்டிக்கிட்டேன்."

சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அவர் ஹாலிஎலயில் இறங்கியதும் மகள் கேட்டாள். "அம்மா, நான் சொன்னது வெறும் மேசைதானே. அவங்க வேண்டுனது கடவுளுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்."

"எப்படி?"

தர்க்கம் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். "அடுத்த பாடத்தைச் சொல்லு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி ஒப்பிக்கச் சொன்னேன். ஆறு வேற்றுமையும் பிசகில்லாமல் வந்தன. கடைசியில் கண்ணை மூடி "ஆமென்" என்றாள்.

எங்கள் புத்தகத்தில் ஏழாவது வேற்றுமை கிடையாது. ஆனாலும் அந்த அக்கா மகளின் ஓ.எல். ரிசல்ட் வரும்வரை இந்த ஆமெனை நான் திருத்தப்போவதில்லை. லத்தீன் தெரிந்தவர்கள் கமெண்டில் வந்து திட்டலாம்.