மாஸ்க்குக்குள் இருந்து கேட்ட கேள்விகள்

“சலீம், கையை நீட்டுங்க” என்றேன். நீட்டவில்லை. “க்ளாஸைப் பிடிங்க.” பிடிக்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டரில், தலையை அசையாமல் பிடிக்கும் ஃப்ரேமோடு, விழித்தபடி படுத்திருந்தார் சலீம். மூளைக்குள் எலக்ட்ரோடு இறங்கியிருந்தது. கரண்டை ஏற்ற ஏற்றக் கை நடுக்கம் நிற்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்துச் சொல்வது பிசியோதெரபிஸ்டான என் வேலை.

சலீமுக்கு மைட்டோகாண்ட்ரியா நோய். உடம்பின் செல்களுக்குப் போதிய சக்தி கிடைக்காது. இருபத்தாறு வயதிலேயே காது மந்தம், இரண்டு கையிலும் நடுக்கம். நோய் தீராது, நடுக்கம் மட்டும் குறையலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

“அது போதும் மேடம். முல்லா வீதி டீக்கடையில நின்னு ஒத்தக் கையால டீ குடிக்கணும். இப்ப க்ளாஸ எடுத்தா பக்கத்துல நிக்கிறவன் சட்டைதான் குடிக்குது” என்பார் சலீம்.

“சார், நான் சொல்றது அவருக்குப் புரியல போலிருக்கு” என்றேன் தியேட்டரில் சர்ஜனிடம்.

சர்ஜனின் குரல் மாறியது. “இவ்ளோ கம்மி கரண்டுக்கே கன்ஃப்யூஷனா? அப்ப இந்த எடம் சரியில்ல. எலக்ட்ரோட எடுத்துடலாம்.”

அப்போதுதான் கவனித்தேன். சலீமின் கண்கள் என் மூக்குக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தன. ஃப்ரேம் மாட்டுவதற்காகக் காது மெஷினைக் கழற்றியிருந்தோம். தெரபி அறையில் பல வாரம் அவர் என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார். இங்கே உதடு மாஸ்க்குக்குள்.

“ஒரு நிமிஷம் சார்! அவருக்குக் கேக்கவே இல்ல.”

நானே கையை நீட்டிக் காட்டினேன். நீட்டினார். காலி க்ளாஸை வாயருகே கொண்டுபோய்க் காட்டிவிட்டு அவரிடம் கொடுத்தேன். ஒற்றைக் கையால் கொண்டுபோனார். நடுங்கவில்லை. விரல்களைக் காட்டினேன். எண்ணினார். குழறவில்லை. “சரி, எலக்ட்ரோடு இங்கயே இருக்கட்டும்” என்றார் சர்ஜன்.

அன்று காலை மகளைக் காய்ச்சலோடு லாஸ்பேட்டையில் மாமியாரிடம் விட்டு வந்திருந்தேன். அவர் காதில் மெஷின் இல்லை என்பதை நான் மறந்ததற்கு அந்தப் பதற்றம்தான் காரணமா? அவளுக்குக் காய்ச்சல் இல்லாத நாளாக இருந்தால் மட்டும் எனக்குத் தோன்றியிருக்குமா? தெரியவில்லை.

வார்டில் சலீமின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எல்லாம் ஒன்னாலதாம்மா.”

மெஷினை மாட்டிக்கொண்டிருந்த சலீம் சிரித்தார். “இவங்கள நம்பாத உம்மா. உள்ள ஒரு வார்த்த பேசல. உம்முனு நின்னாங்க. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், கோவமா இருக்காங்கன்னு பயந்தே போயிட்டேன்.”

உம்மாவும் சிரித்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆபரேஷனுக்கு முன்பு நோயாளியோடு செய்யும் பயிற்சியை மாஸ்க் போட்டுக்கொண்டு, காது மெஷினைக் கழற்றச் சொல்லியே செய்து பாருங்கள். பதில் வராதபோது, அவருக்குப் புரியவில்லை என்று சொல்வதற்கு முன், நாம் கேட்டது அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.