பெண் பார்க்க அல்ல, ஒஸ்லோ பார்க்க

லண்டனில் இருந்து அந்தத் தாயும் மகனும் வந்தது ஒஸ்லோவைப் பார்க்க. பெண் பார்க்க அல்ல. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த வாரம் முழுக்க நாங்கள் எல்லோரும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

என் அக்காவின் மகள் அப்படி ஒரு சட்டம் போட்டிருந்தாள். "பொம்பிளை பாக்கிறது எண்டு ஆராவது வாயைத் திறந்தா நான் வீட்டிலை நிக்கமாட்டன். நான் என்ன கடையிலை வைச்சிருக்கிற சோபாவோ?" என்றாள். ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, சொன்னால் சொன்னதுதான். கடைசியில் கலியாணத் தரகர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் உல்லாசப் பயணிகளாக வருவார்கள். அவள் ஊர் காட்டுவாள். துணைக்குச் சித்தி நான் போவேன். பிள்ளையைப் பிடித்திருந்தால் தாய்க்காரி நினைவுப்பொருள் கடையில் ஒரு வெள்ளிப் புறோச் வாங்கி அவளுடைய உடுப்பில் குத்திவிடுவா. பிடிக்காவிட்டால் எல்லோருக்கும் பிரிஜ்ஜில் ஒட்டுகிற காந்தம். ஒருவருக்கும் மானம் போகாது. ஊர் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அந்தத் தரகருக்கு மூளை இல்லையென்று யாரும் சொல்லமுடியாது.

அத்தான் கண்ணை மூடின பிறகு அக்காவுக்கு இருந்த ஒரே கவலை இந்தக் கலியாணம்தான். முன்னே வந்த இடங்கள் ஒன்றும் சரிவரவில்லை. இதுவும் தட்டிப்போனால் அக்கா படுத்துவிடுவாள் என்று எனக்குப் பயம். அக்காவின் மகள் எனக்குப் பெறாமகள்; அவளுக்கும் பெடியனைப் பிடிக்காமல் இல்லை. அவனுடைய படத்தைத் தொலைபேசியில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

முதலில் சிலைப் பூங்கா. வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள், ஒஸ்லோ வந்தால் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். சேலைக்கு மேலே குளிர் அங்கியும் காலில் வெள்ளைச் சப்பாத்துமாக வந்து இறங்கிய அந்த அம்மா பாலத்தில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டா.

"அட கோதாரி! இதென்ன, ஒருத்தருக்கும் உடுப்பில்லை?"

"மனிசற்றை வாழ்க்கையிலை வாற எல்லாப் பருவமும் அன்ரி," என்றாள் பெறாமகள்.

"எல்லாப் பருவத்திலையும் உடுப்பில்லாமலோ?"

அதன்பிறகு ரோசாச் செடிகளைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தா. ஆனாலும் ஒரு சிலையையும் தவறவிடவில்லை. திடீரென்று, "பிள்ளை, அந்தச் சிலைக்குப் பக்கத்திலை நில்லு. தம்பி, நீயும் போய் நில். ரெண்டுபேரும் நிமிர்ந்து நில்லுங்கோ," என்றா. படத்தைப் பிறகு நான் எட்டிப் பார்த்தேன். சிலை அதில் இல்லை. இரண்டு பேருடைய உயரம் மட்டும் இருந்தது.

அடுத்தது கடலுக்குள் சரிந்து இறங்குகிற, ஆட்கள் ஏறி நடக்கிற ஒப்பெரா மண்டபக் கூரை. பெறாமகளை முன்னுக்கு ஏறவிட்டு, நடையைப் பார்த்தா. வெயில் நல்லாயிருக்கு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்று என்று சொல்லி நிறத்தைப் பார்த்தா. பிறகு உல்லாசப் பயணி கேட்கிற மாதிரியே கேள்விகள் வந்தன. இஞ்சை எல்லாரும் சொந்த வீடோ? ரொம்மன் நல்ல இடமோ? இந்த ஊர்ப் பிள்ளையளுக்குப் புட்டு அவிக்கத் தெரியுமோ?

"பெடியங்களுக்கும் தெரியும் அன்ரி. இஞ்சை பள்ளிக்கூடத்திலேயே எல்லாருக்கும் சமையல் படிப்பிக்கினம்," என்றாள் இவள். "லண்டனிலை எப்பிடி?"

நான் அவளுடைய கையில் கிள்ளினேன். "ஸ்லாப் ஆவ், சித்தி," என்று பல்லைக் கடித்தாள். பதறாதே என்பதற்கு இந்த நாட்டில் பிறந்ததுகள் சொல்லுகிற சொல் அது. பதறாமல் எப்படி இருப்பது? மாப்பிள்ளையோ ஒன்றும் காதில் விழாதவனாய் கூரையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். காலையில் இருந்து அவன் வாயால் வந்தது "நைஸ்" என்ற ஒரு சொல்தான். சிலைக்கும் நைஸ், கடலுக்கும் நைஸ்.

பிறகு நினைவுப்பொருள் கடைக்குள் நுழைந்தோம். நீண்ட மூக்கு வைத்த பூதப் பொம்மைகள் வரிசையாக முழுசிக்கொண்டிருந்தன. அந்த அம்மா நேரே காந்தங்கள் தொங்குகிற இடத்துக்குப் போனா. ஒன்றை எடுத்தா. இன்னொன்றை எடுத்தா. பிடி பிடியாக அள்ளிக் கூடைக்குள் போட்டா. ஐயோ, அக்காவிடம் என்ன சொல்லுவேன் என்று நான் ஒரு பஞ்சு மானின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்தால், கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, வெள்ளிப் புறோச்சை எடுக்கச் சொல்லுகிறா! விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு போராட்டமும் நடத்தினா. விற்கிற பெட்டைக்கு அப்படியொரு வழக்கம் உலகத்தில் இருப்பதே விளங்கவில்லை. கடைசியில் சொன்ன விலையையே கொடுத்து வாங்கி, பெறாமகளின் ஜாக்கெட்டில் தன் கையாலேயே குத்திவிட்டா. "வடிவாயிருக்கு பிள்ளை," என்றா. இவள் முகம் சிவந்து, பெடியனைப் பார்த்தாள். அவன் பூதத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் பஞ்சு மானுக்குப் பின்னால் ஒளித்துநின்று அக்காவுக்குத் தொலைபேசி அடித்தேன். புறோச் என்றதும் அக்கா அழுதாள். பின்னால் குக்கர் விசிலடிக்கிற சத்தம் கேட்டது.

எல்லாம் சரிவந்துவிட்டது, இனி வயிற்றைப் பார்க்கலாம் என்று துறைமுகத்துக்குப் போனோம். படகிலேயே அவித்த றாலைக் கடதாசிப் பையில் போட்டு விற்பார்கள். பலகையில் காலைத் தொங்கப்போட்டு இருந்து, தலையைத் திருகிக் கோதை உரித்துத் தின்னவேண்டியதுதான். அந்த அம்மா மடியில் துடைக்கிற கடதாசியை விரித்தா. காப்புகள் கிலுங்க உரிக்கத் தொடங்கினா. என்ன வேகம்! உரித்த றால் ஒவ்வொன்றும் மகனுடைய உள்ளங்கைக்குப் போனது. அவன் இடது கையில் தொலைபேசி. வலது கையைத் தாய்க்கு முன்னால் விரித்து வைத்திருந்தான். றால் விழும், வாய்க்குப் போகும், கை திரும்பி வந்து விரியும். முப்பது தாண்டிய ஆம்பிளை.

பை பாதியானதும் அந்த அம்மா அதைப் பெறாமகளின் பக்கம் தள்ளினா. "இந்தா பிள்ளை, இனி நீ உரிச்சுக் குடு."

விசர் பிடித்த நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதுதான் நல்ல நேரம், புறோச்சைவிட இதுதான் பெரிசு, உரியடி பிள்ளை, உரி என்று நினைத்தேன்.

அவள் அந்த விரித்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு றாலை எடுத்து, ஆறுதலாக உரித்து, தாய்க்காரியின் கையில் வைத்தாள்.

"நீங்கள் இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை அன்ரி."

"எனக்கென்ன பிள்ளை, நான் பிறகு..."

"சாப்பிடுங்கோ."

அந்த அம்மா சாப்பிட்டா. இவள் இன்னொன்றை உரித்தாள். அதையும் சாப்பிட்டா. பிறகு மறுத்தே பேசவில்லை. அடுத்ததற்காகப் பார்த்துக்கொண்டிருந்தா.

"அம்மா?" என்றான் மகன். கை இன்னும் விரித்தபடிதான் இருந்தது.

"பைக்குள்ளை கிடக்கு. எடுத்து உரி."

அவன் ஒன்றை எடுத்துப் பிதுக்கினான். தண்ணீர் சட்டையில் தெறித்தது. சினந்துகொண்டு எழும்பி, படகுகளைப் படமெடுக்கத் தள்ளிப் போனான். அவன் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த அம்மா கையைத் துடைத்தா. எங்கள் இருவர் பக்கமும் குனிந்தா.

"பிள்ளை, உன்னை எனக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. அதாலைதான் சொல்லுறன். இவனைக் கட்டாதை. இவன்ரை தேப்பனுக்கும் நான்தான் உரிச்சுக் குடுத்தனான்."

காலையில் இருந்து மனதுக்குள் அந்த மனிசியைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. பெறாமகள் பைக்குள் கையை விட்டு இன்னொரு றாலை எடுத்தாள்.